கணினியில் நாம் மறந்துபோன கருவிகள்

எங்கள் அலுவலகக் கணினியில், கல்வி உதவித்தொகை கேட்ட பிள்ளைகளின் ஆதார் நகல்களும், உதவி பெறும் தாய்மார்களின் வங்கிப் புத்தகப் பக்கங்களும் இருக்கின்றன. எல்லாம் அமானிதம். அண்மையில் அதைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தபோது, பிரிண்டர் பழுதுக்காக எப்போதோ ஏற்றிய எனிடெஸ்க், கணினியைப் போடும்போதெல்லாம் தானாகத் தொடங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. வெளியூரில் இருப்பவர் நம் கணினியை இயக்க உதவும் மென்பொருள் அது. வேலை முடிந்த அன்றே நீக்கியிருக்க வேண்டும். மறந்துவிட்டோம்.

பயன்படுத்தாததுதானே, கிடக்கட்டும் என்று தோன்றும். பரணில் கிடக்கும் பழைய அண்டா இடத்தை மட்டும்தான் அடைக்கும். கணினியிலோ பல கருவிகள் நாம் தொடாமலே பின்னணியில் ஓடிக்கொண்டு, வெளியிலிருந்து வரும் அழைப்புக்குப் பதில் சொல்லக் காத்திருக்கும்.

2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை இதற்குச் சரியான பாடம். கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. அது நுழைந்த வழி, விண்டோஸில் இருந்த எஸ்எம்பி 1 என்ற கோப்புப் பகிர்வு வசதி. 1980களில் பிறந்த முறை. அதைவிட நல்ல பதிப்புகள் வந்து பத்தாண்டுகள் ஆன பிறகும், பழைய சாதனங்களுக்காக அது இயங்கியபடியே விடப்பட்டிருந்தது. பெரும்பாலோர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. யாரும் தவறான இணைப்பைத் தொடவும் தேவையிருக்கவில்லை. ஒரு கணினியில் புகுந்தால், அதே வலையமைப்பில் திருத்தம் போடாத மற்றவற்றுக்கும் தானே தாவியது. திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது என்பதுதான் வருத்தம். பிரிட்டன் மருத்துவமனைகள், ஆந்திரக் காவல்துறை என்று போனது, வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்தையும் விடவில்லை. ஆகவே வெள்ளிமலையிலோ சங்கராபுரத்திலோ இருக்கும் நம் சின்னக் கணினியை யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அது ஆள் பார்த்து வரவில்லை.

கைபேசியும் இதில் சேர்த்திதான். மோசடிக்காரர்கள் எனிடெஸ்க்கை ஏற்றச் சொல்லி, அதில் வரும் 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிப் பணத்தை எடுப்பதாக 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கன்ட்ரோல் பேனலில் ‘புரோகிராம்ஸ்’ பகுதிக்குப் போய், ஓராண்டாகத் தொடாதவற்றைப் பாருங்கள். அங்கேயே ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்பதில் எஸ்எம்பி 1.0, டெல்நெட் ஆகியவற்றில் டிக் இருந்தால் எடுத்துவிடலாம். பழைய ஸ்கேனர் சிலவற்றுக்கு எஸ்எம்பி 1 வேண்டியிருக்கும். எடுத்தபின் ஸ்கேன் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப்பை யாரிடமாவது வாங்கியிருந்தால், முந்தைய உரிமையாளர் விட்டுப்போனவை அதில் இருக்கும். ரீசெட் செய்து தொடங்குவதே நல்லது.

ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் நீக்கிவிடவும் கூடாது. ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ்’ என்று வரிசையாக நிற்பவை வேறு மென்பொருள்களுக்குத் தேவையானவை. புரியாத பெயரைத் தாளில் எழுதி, தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டபின் கை வையுங்கள். நாங்களும் நான்கு பெயர்களை அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறோம்.