அளவெடுத்துச் செய்த மார்பெலும்பு

நெஞ்சின் நடுவே கை வைத்துப் பார்த்தால் தட்டையான ஓர் எலும்பு தட்டுப்படும். அதுவே மார்பெலும்பு. நமது 12 இணை விலா எலும்புகளுள் மேலேயுள்ள 7 இணைகள் குருத்தெலும்பின் வழியாக இதனுடன் நேரே இணைந்துள்ளன. இந்தக் கூட்டுக்குள்தான் இதயமும் நுரையீரல்களும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் இது கேடயம் மட்டுமன்று. மூச்சை உள்ளிழுக்கும்போது விரிகிறது, வெளிவிடும்போது சுருங்குகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 முறை இவ்வாறு அசைகிறது!

இந்த எலும்பையே வெட்டி எடுக்க நேர்ந்தால் என்ன செய்வது? ஸ்பெயின் நாட்டில் 54 வயதுடைய ஒருவருக்கு அந்நிலை வந்தது. அவரது மார்புச் சுவரில் சார்க்கோமா என்னும் புற்றுநோய்க் கட்டி வளர்ந்திருந்தது. அதை அகற்ற வேண்டுமானால் மார்பெலும்பையும் விலா எலும்புகள் சிலவற்றின் பகுதிகளையும் சேர்த்தே அகற்ற வேண்டும். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் இதயத்துக்குக் காப்பில்லை. மூச்சு விடுவதும் கடினமாகிவிடும்.

இத்தகையோருக்குத் தட்டையான டைட்டானியத் தகடுகளைத் திருகாணிகளால் பொருத்துவது வழக்கம். டைட்டானியம் எடை குறைந்தது, துருப்பிடிக்காதது, உடலும் அதனை ஏற்றுக்கொள்ளும். ஆயினும் ஓயாமல் அசையும் மார்பில் அத்தகடுகள் நாளடைவில் தளர்ந்துவிடக்கூடும். மேலும், ஆயத்த உடை எல்லாருக்கும் கச்சிதமாகப் பொருந்துவதில்லை அல்லவா? எலும்பும் அப்படியே. ஒருவருடைய மார்பின் அமைப்பு மற்றவருக்கு இராது.

ஆகவே சலமான்கா பல்கலைக்கழக மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரிலுள்ள அனாட்டமிக்ஸ் என்னும் நிறுவனத்தை நாடினர். நோயாளியின் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொண்டு அவரது மார்புக்கூட்டின் வடிவம் கணினியில் உருவாக்கப்பட்டது. எந்த இடத்தில் வெட்டுவது, எங்கே பொருத்துவது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாயின. பின்னர், சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் ஆஸ்திரேலிய அரசு அறிவியல் நிறுவனத்தின் முப்பரிமாண அச்சுப்பொறியில் புதிய எலும்பு உருவாயிற்று. டைட்டானியத் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் எலக்ட்ரான் கற்றையால் உருக்குவர். இவ்வாறு படலத்தின்மேல் படலமாக அது வளர்ந்தது.

அதன் அமைப்பைச் சற்றுக் கவனிப்போம். நடுப்பகுதி உறுதியானது, அது இதயத்தைக் காக்கும். விலா எலும்புகளுக்குப் பதிலான பகுதிகளோ மெல்லிய கம்பிகள். அவை மூச்சுக்கேற்ப வளைந்து கொடுக்கும். கேடயமாகவும் இருக்க வேண்டும், அசையவும் வேண்டும் என்ற இரு தேவைகளையும் ஒரே உலோகம் நிறைவேற்றிற்று!

அறுவை முடிந்த 12ஆம் நாள் அம்மனிதர் வீடு திரும்பினார். 2015ஆம் ஆண்டு இச்செய்தி உலகெங்கும் பரவியது.

நாம் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் உயிரியலும் இயற்பியலும் கணிதமும், முகமறியாத ஒருவரின் மூச்சைக் காக்க இங்கே ஒன்று சேர்ந்தன. படிப்பின் பயன் இதுவன்றோ!

— பத்தாம் வகுப்பு மாணவி