பழைய கைத்தொலைபேசிக்கு வீட்டில் புதிய பணி

புதிய கைத்தொலைபேசி வாங்கியதும் பழையதை மேசை இழுப்பறையில் வைத்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். அதை எறிய மனம் வருவதில்லை. பயன்படுத்தும் வழியும் தெரிவதில்லை. சிம் அட்டை இல்லாவிட்டாலும் அது கடிகாரம், நிழற்படக் கருவி, வானொலி, கைவிளக்கு ஆகியவற்றை ஒருங்கே கொண்ட சிறு கணினியே ஆகும். வீட்டு வைஃபை இணைப்பு இருந்தால் மேலும் பல வேலைகளுக்கு உதவும். எனினும், எந்த வேலைக்கு அதை நம்பலாம், எந்த வேலைக்கு நம்பக்கூடாது என்பதை அறிந்திருத்தல் அவசியம். குறிப்பாக, வீட்டிலுள்ள முதியோரிடம் "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று பழைய தொலைபேசியைக் கொடுத்துவைப்பவர்கள் இக்கட்டுரையின் மூன்றாம் பகுதியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

1. முதலில் செய்ய வேண்டியவை

உங்கள் படங்களையும் தொடர்பு எண்களையும் புதிய தொலைபேசிக்கோ கணினிக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். பின்னர் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். இதைச் செய்யாமல் தொலைபேசியை அழித்தமைத்தால், மீண்டும் திறக்கும்போது அது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுத் தடுத்துவிடக்கூடும். அடுத்து, அமைப்புகள் பகுதிக்குச் சென்று எல்லாத் தரவுகளையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றுங்கள். சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிவிடுங்கள்.

பழைய தொலைபேசிகளுக்கு ஒரு கட்டத்தில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிடுகின்றன. அத்தகைய தொலைபேசியில் வங்கிச் செயலி, மைகவ் கணக்கு, முக்கியமான மின்னஞ்சல் ஆகியவற்றை வைத்திருக்க வேண்டாம். தேவையான இரண்டு மூன்று செயலிகளை மட்டும் பதிவிறக்கிக்கொண்டால் போதும்.

2. வீட்டில் செய்யக்கூடிய பணிகள்

உருப்பெருக்கி: மருந்துப் போத்தல்களிலும் உணவுப் பொதிகளிலும் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்க முதியோர் சிரமப்படுவது இயல்பு. கைத்தொலைபேசியின் நிழற்படக் கருவி அவற்றைப் பெரிதாக்கிக் காட்டும். இதற்கு இணைய இணைப்போ சிம் அட்டையோ தேவையில்லை.

மருந்து நினைவூட்டல்: காலை, மாலை, இரவு வேளைகளுக்கு வெவ்வேறு ஒலி எழுப்பும் எச்சரிக்கை மணிகளை அமைத்து, மருந்துப் பெட்டியின் அருகில் வையுங்கள். ஒவ்வொரு மணிக்கும் மருந்தின் பெயரைத் தமிழிலேயே எழுதி வைக்கலாம்.

சமையலறைத் துணை: நேரம் கணிக்கவும், சமையல் குறிப்புப் பார்க்கவும், எஸ்பிஎஸ் தமிழ் ஒலிபரப்பைக் கேட்கவும் பயன்படுத்தலாம். நீரும் அடுப்பின் வெப்பமும் படாத இடத்தில் வையுங்கள்.

நூலக வாசிப்பு: பொது நூலகங்கள் மின்னூல்களையும் ஒலிநூல்களையும் இலவசமாக இரவல் தருகின்றன. நூலக உறுப்பினராக இருந்தால் அவற்றுக்குரிய செயலியைப் பழைய தொலைபேசியில் நிறுவிக்கொள்ளலாம். அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் குறுக்கிடாததால் பிள்ளைகளின் வாசிப்புக்கும் இது உகந்தது.

கண்காணிப்புக் கருவி: உரிய செயலியின் துணையோடு, உறங்கும் குழந்தையை அடுத்த அறையிலிருந்து பார்க்கலாம். வலுவான கடவுச்சொல்லை அமையுங்கள். வீட்டிலிருப்போருக்கும் விருந்தினருக்கும் தெரியாமல் ஒளிப்பதிவோ ஒலிப்பதிவோ செய்யக்கூடாது; பிறரின் தனிப்பட்ட உரையாடலை அவர்கள் அறியாமல் பதிவு செய்வது சட்டப்படி குற்றமாகலாம்.

3. அவசர அழைப்புக்கு நம்பலாமா?

ஆஸ்திரேலியாவில் சிம் அட்டை இல்லாத கைத்தொலைபேசியிலிருந்தும் 000 என்ற எண்ணை அழைக்க முடியும் என்பது நம்மில் பலர் அறிந்த செய்தி. ஆனால் அந்தத் தொலைபேசி இன்றைய வலையமைப்புகளோடு பொருந்துவதாக இருந்தால்தான் இது சாத்தியம்.

வோடஃபோன் நிறுவனம் தனது 3ஜி வலையமைப்பை முன்னரே மூடிவிட்டது. டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் ஆகியவை 2024 அக்டோபர் 28 முதல் மூடத் தொடங்கின. எனவே 3ஜி தொலைபேசிகளால் இப்போது எந்த அழைப்பையும் எடுக்க முடியாது. இதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சில பழைய 4ஜி தொலைபேசிகள் சாதாரண அழைப்பை 4ஜி வழியாக எடுத்தாலும், அவசர அழைப்பை மட்டும் 3ஜி வழியாக அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தன. வெளிநாட்டில் வாங்கிவந்த சில தொலைபேசிகளுக்கும் இக்குறை உண்டு. வைஃபையில் காணொளி நன்றாக ஓடுகிறது என்பதால் 000 அழைப்பும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

சோதிப்பதற்காக 000 எண்ணை அழைக்காதீர்கள். உண்மையான ஆபத்தில் இருப்பவரின் அழைப்புக்கு அது இடையூறாகும். தொலைபேசியில் *#06# என்று அழுத்தினால் அதன் 15 இலக்க அடையாள எண் திரையில் தோன்றும். அந்த எண்ணையும் மாதிரிப் பெயரையும் உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் கொடுத்து, அவசர அழைப்பு இயங்குமா என்று கேளுங்கள். இயங்காது என்றாலோ, உறுதியான பதில் கிடைக்காவிட்டாலோ, அந்தத் தொலைபேசியை அவசரத் தேவைக்கு வைத்திருக்க வேண்டாம். அதன்மீது "அழைப்புக்கு அல்ல" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பதற்றமான நேரத்தில் பெற்றோரோ பிள்ளைகளோ தவறான தொலைபேசியை எடுத்து நேரத்தை இழக்காமல் இருக்க அது உதவும்.

000 எண்ணை அழைத்ததும் பொலிஸ், ஃபயர், அம்புலன்ஸ் ஆகியவற்றுள் எது தேவை என்று முதலில் சொல்ல வேண்டும். ஆங்கிலம் பேச இயலாதவர்கள் அடுத்து "தமிழ்" என்று சொன்னால் உரைபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். இதை வீட்டிலுள்ள முதியோருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

4. மின்கலப் பாதுகாப்பு

பழைய தொலைபேசியில் முதலில் தேய்வது அதன் லித்தியம் மின்கலமே. அதை இரவும் பகலும் சார்ஜரில் மாட்டி வைக்காதீர்கள். தலையணைக்கு அடியிலோ, கட்டிலிலோ, வெயிற்படும் சன்னலோரத்திலோ மின்னேற்றம் செய்யாதீர்கள். தொலைபேசியின் பின்புறம் உப்பினாலோ, திரை மேலெழுந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சூடேறினாலோ உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அதை அழுத்தவோ துளையிடவோ மீண்டும் மின்னேற்றவோ கூடாது. எளிதில் தீப்பற்றும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்துவிட்டு, எங்கே ஒப்படைப்பது என்று மாநகர சபையிடம் கேளுங்கள். புகை அல்லது தீ தோன்றினால் எல்லோரும் வெளியேறி 000 எண்ணை அழையுங்கள்.

5. பணி முடிந்த பின்

இனிப் பயன்படாது என்று தெரிந்த தொலைபேசியை எந்த நிற மூடியுள்ள குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது. குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் மின்கலம் தீப்பற்றி, பணியாளரின் உயிருக்கே ஆபத்தை விளைவிக்கும். மொபைல்மஸ்டர் என்னும் மறுசுழற்சித் திட்டம் 1998 முதல் நாடெங்கும் இயங்கிவருகிறது. எல்லா நிறுவனங்களின் கைத்தொலைபேசிகளையும் சார்ஜர்களையும் அது இலவசமாகப் பெற்றுக்கொள்கிறது. தொலைபேசிக் கடைகள் பலவற்றில் அதன் சேகரிப்புப் பெட்டிகள் உள்ளன. உள்ளிருக்கும் தங்கம், செம்பு, கோபால்ட் போன்ற உலோகங்கள் பிரித்தெடுக்கப்பட்டு மீண்டும் பயனுக்கு வருகின்றன.

சபையின் மறுசுழற்சிச் சேவைகள் பற்றித் தமிழில் பேச விரும்புவோர், 131 450 என்ற எண்ணில் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, சபையுடன் இணைக்கும்படி கேட்கலாம்.