பூனைக்கு மண் தொட்டி வந்த கதை

கேள்வி: மூன்றாவது மாடியில் பூனை வளர்க்கிறோம். கடையில் ‘கேட் லிட்டர்’ என்று விற்கும் மண்ணை முதலில் யார் கொண்டுவந்தது? தொட்டி எப்படி இருக்க வேண்டும்?
– வாசகி, மண்ணூர்பேட்டை

பதில்: உங்கள் வீட்டுப் பக்கத்தில்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பட்டறையில் எண்ணெய் கொட்டிவிட்டால் மரத்தூளை அள்ளிப் போட்டுக் கூட்டி எடுப்பார்களே, அந்த வேலைக்கான சரக்கிலிருந்து பிறந்ததுதான் இது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்ற இளைஞர், தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் பொருட்களை விற்றுவந்தார். 1947-ல் பக்கத்து வீட்டுப் பெண் பூனைக்கு மணல் கேட்டு வந்தார். அதுவரை போட்டுவந்த சாம்பல், பூனையின் காலில் ஒட்டி வீடெல்லாம் தடமாகிவிட்டதாம். லோ மணலுக்குப் பதிலாக ஒரு பை களிமண் குருணையைக் கொடுத்தார். நாம் முகத்தில் பூசும் முல்தானி மிட்டி இருக்கிறதே, அதே இனம். ஈரத்தை இழுத்துக்கொண்டது, நாற்றமும் அடங்கியது.

ஐந்து பவுண்டு பைகளில் நிரப்பி, ‘கிட்டி லிட்டர்’ என்று எழுதி, 65 சென்ட் விலை சொன்னார். மணல் மலிவாகக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார் என்றார் கடைக்காரர். அப்படியானால் சும்மா கொடுங்கள் என்றார் லோ. சும்மா வாங்கிப்போனவர்கள் காசோடு திரும்பி வந்தார்கள். நனைந்ததும் கட்டியாக இறுகும் பென்டோனைட் ரகம் 1980-களில் வந்தது. நம் கட்ச் பகுதியில் அந்த மண் ஏராளம்.

ஆனால் தோண்டி மூடும் பழக்கத்தைப் பூனைக்கு எந்தக் கம்பெனியும் கற்றுத்தரவில்லை. அதன் முன்னோர் மேற்கு ஆசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். உங்கள் பூனையைக் கவனியுங்கள்: முகர்ந்து பார்க்கும், முன்னங்காலால் பறிக்கும், ஒரு சுற்றுச் சுற்றி உட்காரும், பிறகு மூடும். இத்தனைக்கும் இடம் வேண்டாமா? கடையில் விற்கும் சின்னத் தட்டுகள் பெரும்பாலும் போதாது. பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும்; துணி ஊறவைக்கும் அகன்ற பிளாஸ்டிக் டப் நல்லது. இரண்டு மூன்று அங்குலம் மண் போடுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டு பூனை என்றால் மூன்று தொட்டி.

தினமும் அள்ளுங்கள். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால், அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அள்ளிவிடுவதே பாதுகாப்பு. கர்ப்பிணிகள் அந்த வேலையை வேறொருவரிடம் விடட்டும். அள்ளியதைக் கழிப்பறையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

தொட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். ஃபினாயில் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்களை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. பாதத்தை நக்கினாலே விஷம். ஆண் பூனை தொட்டியில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.