கேட்போர் வளர்த்த கருவி

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில் ஆகும். வயலும் ஏரியுமாய் இருந்த சிற்றூர்கள் பல அவ்விருப்புப்பாதையைப் பற்றிக்கொண்டு நகரங்களாய் வளர்ந்தன. அப்பாதையில் உள்ள குரோம்பேட்டையில், 1949ஆம் ஆண்டில் இராசம் என்னும் வள்ளல் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். மின்னணுவியல் என்னும் சொல்லையே பலர் கேட்டறியாத அந்நாளில், அங்கே அது பாடமாயிற்று. இன்று மாலை வண்டியில் தாம்பரத்திற்கு வருவோர், காதில் ஹெட்போன் அணிந்து தமக்குத் தாமே தலையசைத்துக் கொள்ளும் இளைஞர்களை வரிசையாய்க் காண்பர். மாணவர்களே, அவர்கள் கேட்கும் பாட்டைப் பற்றி நான் இங்கே கூறப்போவதில்லை. பாட்டைக் கொணர்ந்து தரும் கருவிகளுள் ஒன்றைப் பற்றியே கூறப்போகின்றேன்.

என் இளமையில் கிராமபோன் பெட்டி சில வீடுகளில் இருந்தது. வானொலிப் பெட்டி பல வீடுகளில் இருந்தது. அவற்றில் குறை கண்டவன் முணுமுணுக்கலாம். அதற்குமேல் அவனால் ஒன்றும் செய்ய இயலாது. திருகு இடப்புறம் இருந்தால் நன்று என்று அவன் எண்ணினாலும், மரப்பெட்டிக்குள் அடைபட்ட கருவி அவனுக்காக மாறப்போவதில்லை. கணிப்பொறியில் பாட்டு இசைக்கும் மென்பொருளோ அத்தகையதன்று. மியூசிக் பிளேயர் என்று வழங்கும் இதனை இசை இயக்கி என்று நாம் கூறுவோம். இதற்கு மரமும் இல்லை, இரும்பும் இல்லை. எழுதப்பட்ட கட்டளைகளின் தொகுதியே இது. ஆகவே, எழுதியவர் நினைத்தால் திருத்தி எழுதலாம். திருத்திய பதிப்பை உலகெங்கும் ஒரே நாளில் அனுப்பலாம். எதைத் திருத்துவது என்பதை அவருக்கு யார் சொல்வது? அன்றாடம் பாட்டுக் கேட்பவரே சொல்லவேண்டும்.

இவ்வுண்மையை நான் அறிந்தது முதுமையில்தான். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நான் சேர்த்துவைத்த இசையரங்க ஒலிநாடாக்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவை பூசணம் பிடித்து அழியத் தொடங்கியபோது, எங்கள் தெருவில் கணிப்பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர் அவற்றை எம்.பி.3 கோப்புகளாக மாற்றித் தந்தார். ஒவ்வொரு கோப்பிற்கும் பாட்டின் பெயர், பாடியவர் பெயர் ஆகியவற்றை நானே தமிழில் பொறித்தேன். மூன்று திங்கள் உழைத்தேன். பின்னர் இசை இயக்கி ஒன்றில் அவற்றைத் திறந்தபோது பெயர் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள் நின்றன! எஞ்சிய சில பெயர்கள் தமிழில் தோன்றின. ஆனால் அகரவரிசை சிதைந்திருந்தது. ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில், பாடகர் மூச்சுவிடாமல் பாடிய அந்த இடத்தில், கத்தரித்தாற்போல ஓர் அமைதி விழுந்தது.

எனக்குச் சினம் வந்தது. அவ்வியக்கியைச் செய்தவர்க்கு, "உங்கள் கருவி எங்கள் மொழியை அவமதிக்கின்றது" என்று தொடங்கி ஒரு முழுப்பக்கம் எழுதினேன். இரண்டு நாளில் மறுமொழி வந்தது. எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகின்றீர்? எந்த இயங்குதளத்தில்? என்ன செய்தபோது பிழை தோன்றிற்று? என்ன தோன்றவேண்டும் என்று எதிர்பார்த்தீர்? இந்நான்கு வினாக்களே அதில் இருந்தன; மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. என் சினம் இன்னும் மிகுந்தது. அவ்விளைஞரிடம் அதனைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "ஐயா, இந்தக் கருவிகளின் கதையை முதலில் கேளுங்கள், பிறகு விடை எழுதுவோம்" என்றார். அவர் கூறிய கதைகளுள் இரண்டை உங்களுக்குச் சொல்கின்றேன்.

1997ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இளைஞர் சஸ்டின் பிராங்கல் என்பவர் வின்ஆம்ப் என்னும் இசை இயக்கியை வெளியிட்டார். அப்போது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. சிறிய அளவும் விரைந்த ஓட்டமும் உடையதாகலின் அது உலகெங்கும் பரவிற்று. 2002ஆம் ஆண்டில் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட அப்பதிப்பில் வசதிகள் மிகுதி; ஆயினும் அது மெதுவாக இயங்கியது. இரண்டாம் பதிப்பிற்காகப் பலர் செய்துவைத்திருந்த அழகிய முகப்புகளும் துணைக்கருவிகளும் அதில் பொருந்தவில்லை. பயன்படுத்துவோர் பலர் புதியதை விலக்கிப் பழையதற்கே திரும்பினர். செய்தவர்கள் பிடிவாதம் கொள்ளவில்லை. இரண்டாம் பதிப்பின் விரைவையும் மூன்றாம் பதிப்பின் நலன்களையும் சேர்த்து, 2003ஆம் ஆண்டின் இறுதியில் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டனர். நான்காம் பதிப்பு எங்கே என்று கேட்கின்றீர்களா? இரண்டும் மூன்றும் சேர்ந்தால் ஐந்துதானே!

மற்றொரு கதை இத்துணை இனிதாக முடியவில்லை. செருமானியராகிய மார்க் கிரெட்சுமன் என்பவர் 2003ஆம் ஆண்டில் அமரோக் என்னும் இயக்கியைத் தொடங்கினார். வடதுருவத்தை ஒட்டி வாழும் இனுவிட் மக்கள் மொழியில் அச்சொல்லுக்கு ஓநாய் என்று பொருள். இசைக்கருவிக்கு இப்படியும் ஒரு பெயர்! இது கட்டற்ற மென்பொருள். அஃதாவது, இதன் மூலக்கட்டளைகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். இதனை வளர்த்தவருள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். 1.4 என்னும் பதிப்பை லினக்ஸ் பயன்படுத்துவோர் பெரிதும் விரும்பினர். பின்பு அடித்தளம் மாறியமையால் கருவியைத் திரும்ப எழுதவேண்டியதாயிற்று. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் 2.0 பதிப்பு வந்தபோது, பழகிய தோற்றம் மாறியிருந்தது. பழகிய வசதிகள் சில காணப்படவில்லை. முறையீடுகள் குவிந்தன. அவற்றுள் பயனுள்ளவையும் இருந்தன, வசைமொழிகளும் இருந்தன. இரவு கண்விழித்து ஊதியமின்றி உழைத்தவன் காலையில் வசையைப் படித்தால் அவன் உள்ளம் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பழைய 1.4 பதிப்பையே விரும்பிய சிலர் அதனை அடியாகக் கொண்டு கிளமென்டைன் என்னும் வேறோர் இயக்கியைச் செய்து 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாளடைவில் அதன் வளர்ச்சி தளரவே, அதிலிருந்து ஸ்ட்ராபெரி என்னும் மற்றொன்று கிளைத்து 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமரோக்கும் அழிந்துவிடவில்லை, பல ஆண்டு உறக்கத்திற்குப் பின் 2024ஆம் ஆண்டு ஏப்பிரலில் அதன் 3.0 பதிப்பு வெளியாயிற்று. ஆலமரத்தின் விழுதுகள் போலத் தாய்மரமும் கிளைமரமும் உடன் நிற்கின்றன. விற்பனைக்காகச் செய்யப்பட்டுப் பூட்டிவைக்கப்பட்ட கருவியில் இவ்வாறு நடைபெற இயலாது. அங்கே உடையவர் கைவிட்டால் கருவி மாண்டுபோகும்.

இவற்றைக் கேட்டபின் தொல்காப்பிய அரங்கேற்றம் என் நினைவிற்கு வந்தது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அந்நூல் அரங்கேறியது என்பது பாயிரம் தரும் செய்தி. அப்புலவர் குற்றம் கூறக் கூற, தொல்காப்பியர் விடை கூறினார் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதற்கு ஒரு கதையும் சொல்வார். குற்றம் கூறினார் என்றால் வைதார் என்று பொருளாகாது. எந்த நூற்பாவில் எந்தச் சொல் எவ்வாறு வழுவுகின்றது என்று சுட்டிக் கூறினாலன்றோ அதற்கு விடை கூற இயலும்? நாற்பது ஆண்டு மாணவர்க்கு இலக்கணம் கற்பித்த நான், என் கடிதத்தில் எழுவாயும் பயனிலையும் வைத்தேனேயன்றிப் பொருள் வைக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

பின்னர் அவ்விளைஞரும் நானும் பிழைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம்.

கேள்விக்குறிகளின் வரலாறு இது. எம்.பி.3 கோப்பில் பாட்டின் பெயர் முதலியவற்றைப் பொறிப்பதற்கு ஐ.டி.3 என்னும் முறை 1996ஆம் ஆண்டில் உண்டாயிற்று. கோப்பின் கடைசியில் 128 பைட்டு இடம்; அதில் பாட்டின் பெயருக்கு 30 பைட்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழையோ, இன்று பெரிதும் வழங்கும் ஒருங்குறி முறையில் எழுதினால், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். புள்ளியும் தனிக்குறி, கொம்பும் கொக்கியும் தனிக்குறிகள். கற்பகவல்லி என்னும் பெயரைப் பாருங்கள். எழுத்து ஏழு, குறிகள் பத்து, பைட்டு முப்பது. அப்பெயரோடு இடம் நிரம்பிவிட்டது. அடுத்த சொல்லுக்கு இடமில்லை. அன்றியும், அம்முறை மேனாட்டு எழுத்துகளை மட்டும் கருதிச் செய்யப்பட்டது. அறியாத எழுத்து வந்தால் அதன் இடத்தில் கேள்விக்குறி வைக்கப்படும். 1998ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் முறையில் இக்குறைகள் இல்லை. நான் பயன்படுத்திய இயக்கியோ, சில கோப்புகளில் இரண்டாம் முறைப் பொறிப்பு இருக்கவும் முதல் முறைப் பொறிப்பையே படித்தது. மொழியை அவமதிக்கும் எண்ணம் அதில் சிறிதும் இல்லை.

அகரவரிசைச் சிக்கல் எனக்கு நெருக்கமானது. ஒருங்குறி ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தருகின்றது. இந்திய மொழிகட்கெல்லாம் பொதுவாக வகுத்த முன்னைய அமைப்பு ஒன்றைத் தழுவி அவ்வெண்கள் இடப்பட்டமையால், னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. நம் நெடுங்கணக்கில் அவை இறுதியில் வருவன அல்லவா? இவ்வெழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. ஆகவே பட்டியலை மேலோட்டமாய்ப் பார்ப்பவர்க்குப் பிழை தெரியாது. சொல்லின் உள்ளே நோக்கினால்தான் தெரியும். கந்தன், கமலம், கற்பகம், கனகம் என்பது நம் முறை. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் இயக்கியோ கந்தன், கனகம், கமலம், கற்பகம் என்று வைக்கும். பக்தி என்பது பகல் என்பதற்கு முன் நிற்கவேண்டும்; சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டினால் மெய் முன்னும் உயிர்மெய் பின்னுமாக அவ்வாறே காண்பீர்கள். இயக்கி பகலை முன்னே தள்ளிற்று. ஒவ்வொரு மொழிக்கும் உரிய வரிசை விதியை அளித்தால் கணிப்பொறி அதன்படி அடுக்கும். ஆனால் அவ்விதி வேண்டும் என்று யாரேனும் கேட்கவேண்டும். பல்லாயிரம் தமிழர் அவ்வியக்கியில் பாட்டுக் கேட்டிருப்பர். இதனைச் சுட்டி எழுதிய கடிதம் எங்கள் கடிதத்திற்கு முன் ஒன்றும் இல்லை. தமிழர் வாளாவிருந்தால், பனிநாட்டில் அமர்ந்து கட்டளை எழுதுபவருக்கு நெடுங்கணக்கு எவ்வாறு தெரியும்?

மூன்றாவது, இராகத்தைப் பற்றியது. ஐ.டி.3 முறையின் முதற்பட்டியலில் இசைவகைகள் எண்பது உண்டு. ஜாஸ் உண்டு, போல்கா உண்டு. கருநாடக இசை இல்லை. இராகம், தாளம் என்று இரண்டு இடங்கள் ஒதுக்குமாறு கேட்டோம்.

இவ்வாறு ஒரு குறைக்கு ஒரு கடிதமாக எழுதினோம். பதிப்பு எண், செய்த செயல், கண்டது, காணவேண்டியது என்ற முறையில் எழுதி, சான்றாக ஒரு கோப்பையும் இணைத்தோம். ஒரு கடிதமும் பத்து வரிக்கு மேல் செல்லவில்லை. கேள்விக்குறிகள் அடுத்த பதிப்பிலேயே மறைந்தன. வரிசை அதற்கடுத்த பதிப்பில் நேராயிற்று. அதற்குமுன், தாங்கள் மாற்றியது சரிதானா என்று கேட்டு எங்களுக்கு ஒரு சொற்பட்டியல் அனுப்பினார்கள். இராகத்திற்கு இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். உலகத்து இசைமரபு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் வைத்தால் கருவி சுமை தாங்காது; பயன்படுத்துவோர் தாமே பெயரிட்டு இடம் உண்டாக்கிக் கொள்ளும் வசதியைத் தருகின்றோம் என்பது அவர்கள் விடை. எனக்கு அது முழுநிறைவு தரவில்லை. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களுக்கு ஒரு தனி மரியாதை வேண்டாமா என்று இன்றும் வாதிடுவேன். ஆயினும் இராகம், தாளம், இயற்றியவர் என்று நானே பெயரிட்டு நிரப்பிவிட்டேன். தோடி என்று தட்டினால் என்னிடம் உள்ள தோடிகள் எல்லாம் ஓரிடத்தில் வந்து நிற்கின்றன.

ஆங்கிலத்தில் எழுதினாலன்றி இப்பணி இயலாது என்று எண்ணவேண்டா. கணியம் அறக்கட்டளையினர் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதி வருகின்றனர். கணியம் மின்னிதழ் 2012ஆம் ஆண்டில் தொடங்கியது. கட்டளை எழுதத் தெரியாதவரும் உதவலாம். கருவியில் தோன்றும் 'நிறுத்து', 'அடுத்த பாட்டு' முதலிய சொற்களைத் தமிழாக்கித் தரும் தொண்டர் பலர். அச்சொற்களுள் சில எனக்கு உவப்பாயில்லை. அதற்கும் கடிதம் எழுதுவதுதான் வழி.

ஆலாபனைக்கும் கீர்த்தனைக்கும் இடையில் விழும் அமைதி மட்டும் இன்னும் தீரவில்லை. எம்.பி.3 முறையில் ஒலியானது 1152 மாதிரிகள் கொண்ட சிறுசிறு துண்டங்களாக அடுக்கப்படும். ஒரு துண்டத்தின் நீளம் ஏறத்தாழ 26 மில்லிவினாடி. பாட்டு துண்டத்தின் நடுவே முடிந்தால், எஞ்சிய இடம் ஓசையின்றி நிரப்பப்படும். முதலிலும் சிறிது வெற்றிடம் சேரும். அவ்வெற்றிடம் எவ்வளவு என்பதைக் கோப்பிலேயே குறித்துவைத்தால் இயக்கி அதனைத் தள்ளி இசைக்கலாம். என் பழைய கோப்புகளில் அக்குறிப்பு இல்லை என்பதை அவ்விளைஞர் சென்ற கிழமை கண்டுபிடித்தார். ஆகவே பிழையில் ஒரு பங்கு எங்களுடையது. ஒலிநாடாக்களிலிருந்து திரும்பவும் கோப்பெடுக்கத் தொடங்கியிருக்கின்றோம். குறிப்புள்ள புதிய கோப்புகளிலும் சிறு தடை கேட்கின்றது என்று, சான்றாக இரண்டு கோப்புகளை இணைத்து, நேற்றிரவு எட்டு வரியில் எழுதி அனுப்பினேன். மறுமொழி இன்னும் வரவில்லை.