ஃபிஸ்டுலா வைத்த பிறகும் பழைய பத்தியமா?

டயாலிசிஸுக்காக (இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரித்தல்) கையில் ஃபிஸ்டுலா அமைத்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது, குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "என்னென்ன சாப்பிடக் கூடாது, டாக்டர்?" என்பதுதான். எதைச் சாப்பிட வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. சிறுநீரகம் பழுதுபட்ட நாளிலிருந்து பருப்பைக் குறை, முட்டையைக் குறை, மீனைக் குறை என்று கேட்டு வந்த வீடு அது. அந்தப் பயத்தில் தவறில்லை. ஆனால் டயாலிசிஸ் தொடங்கியதும் அந்தக் கணக்கு மாறுகிறது. பல வீடுகளில் தட்டு மட்டும் மாறுவதில்லை. ஃபிஸ்டுலா நோயாளிகளிடம் நான் பார்க்கும் கவலைக்குரிய விஷயம் இதுதான்.

முதலில் ஃபிஸ்டுலா என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ ஒரு தமனியை (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்) அருகிலுள்ள சிரையோடு (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) தைத்து இணைக்கிறோம். நியூயார்க்கில் பிரெஸ்சியா, சிமினோ ஆகிய மருத்துவர்களும் அறுவை நிபுணர் ஆப்பெலும் 1966-இல் வெளியிட்ட முறை இது. இன்றும் இதையே முதல் தேர்வாகக் கொள்கிறோம். தமனியின் வேகமும் அழுத்தமும் தாக்கும்போது மெல்லிய சிரை மெல்ல விரிகிறது, அதன் சுவர் தடிக்கிறது. இதைத்தான் முதிர்தல் என்கிறோம். ஆறு வாரத்தில் நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் இரத்த ஓட்டம், 6 மில்லிமீட்டர் அகலம், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஆழம் என்பது நாங்கள் எதிர்பார்க்கும் அளவு. சிலருக்கு இரண்டு மூன்று மாதங்களும் ஆகலாம்.

சுவர் தடிக்க வேண்டுமானால் தசைச் செல்களும் கொலாஜன் இழைகளும் (திசுக்களைத் தாங்கும் புரத நார்) புதிதாக உருவாக வேண்டும். அதற்கு மூலப்பொருள் புரதம். இரத்தத்தில் ஆல்புமின் (கல்லீரல் தயாரிக்கும் முக்கியப் புரதம்) குறைந்தவர்களுக்கு ஃபிஸ்டுலா முதிராமல் போவது அதிகம் என்று ஆய்வுகள் பலவற்றில் கண்டிருக்கிறார்கள். ஆனால் உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தாலும் ஆல்புமின் இறங்கும். எனவே குறைந்த ஆல்புமினுக்கு உணவு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. சிரையின் அளவு, தமனியில் படிந்த சுண்ணாம்பு, வயது, சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. நன்றாகச் சாப்பிட்டால் ஃபிஸ்டுலா கட்டாயம் முதிரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஊட்டம் குறைந்த உடலில் காயம் ஆறத் தாமதமாகும், தொற்று எளிதில் ஏறும் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

இந்த நோயாளிகள் ஏன் மெலிகிறார்கள்? ஒரு காரணம் அல்ல. கழிவு தேங்கிய இரத்தம் பசியைக் கெடுக்கிறது. வாயில் உலோகச் சுவை தங்குகிறது. கறி, மீன் வாசனையே குமட்டுகிறது. இரத்தத்தில் அமிலத் தன்மை கூடினால் உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்குகிறது. டயாலிசிஸும் கழிவை மட்டும் எடுப்பதில்லை: ஒவ்வொரு முறையும் சுமார் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலங்கள் (புரதத்தின் அடிப்படை அலகுகள்) வடிகட்டி வழியே போய்விடுகின்றன. கழுத்தில் காதிட்டர் (தற்காலிகக் குழாய்) இருந்து அதில் தொற்றும் வந்தால் இழப்பு இன்னும் கூடும். இத்தனைக்கும் மேல், யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று: பேருந்தில் போய்வரும் நேரம், காத்திருப்பு, நான்கு மணி நேர டயாலிசிஸ், பிறகு வரும் அசதி. வாரத்தில் மூன்று நாள் மதியச் சாப்பாடு இப்படியே விட்டுப்போகிறது.

மெலிவதை எடைக்கருவி எப்போதும் காட்டாது. தசை கரைந்த இடத்தில் நீர் சேர்ந்தால் எடை அப்படியே நிற்கும், கால் வீக்கத்தைச் சதை என்று நினைத்துக்கொள்வோம். கண்ணுக்குப் பக்கவாட்டில் நெற்றிப்பொட்டுக் குழிவது, கழுத்தெலும்பு துருத்துவது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள மேடு வற்றுவது, பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் போவது ஆகியவற்றைக் கவனியுங்கள். இன்னொரு அடையாளம் பலரை ஏமாற்றிவிடுகிறது. டயாலிசிஸ் செய்பவருக்கு, சிறுநீரின் அளவு கூடாமலேயே மாதாமாதம் கிரியேட்டினின் (தசையிலிருந்து உருவாகும் கழிவு) இறங்கிவந்தால், வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். சிறுநீரகம் தேறியதால் இறங்கியிருக்காது. தசை குறைந்ததால் இறங்கியிருக்கலாம். அந்த ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டி இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

இனி அளவுகள். டயாலிசிஸ் தொடங்காத, நிலை சீராக உள்ள முற்றிய சிறுநீரக நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.55 முதல் 0.6 கிராம் புரதம் போதும். சர்க்கரை நோயும் இருந்தால் 0.6 முதல் 0.8 கிராம். டயாலிசிஸ் தொடங்கிய பின் 1 முதல் 1.2 கிராம். கிட்டத்தட்ட இரு மடங்கு. 55 கிலோ எடையுள்ளவருக்கு இது 55 முதல் 66 கிராம் வரை. டயாலிசிஸ் தொடங்கும் முன்பே ஃபிஸ்டுலா வைத்துக்கொண்டவர்கள் தாமாகப் புரதத்தைக் கூட்டிவிடக் கூடாது. அவர்களுக்குப் பழைய அளவுதான், டயாலிசிஸ் தொடங்கும் வரை. ஆனால் கால் இரத்தக்குழாய் அடைப்புக்குப் பெரிய அறுவை சிகிச்சை, ஆறாத புண், தொற்று என்று மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தக் கட்டுப்பாட்டை அப்படியே தொடர்வது தவறு. அப்போது அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

55 கிராம் என்றால் தட்டில் என்ன? காலையில் மூன்று இட்லி, கொஞ்சம் சாம்பார், இரண்டு முட்டையின் வெள்ளைக் கரு: சுமார் 15 கிராம். மதியம் சோறு, 100 கிராம் மீன் அல்லது தோல் நீக்கிய கோழி, ஒரு காய்: 25 கிராமை ஒட்டி. இரவு இரண்டு தோசை, ஒரு முட்டை, சிறு கிண்ணம் தயிர்: இன்னும் 14, 15. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பாசிப்பருப்பு, பன்னீர், மீல்மேக்கர் ஆகியவற்றைப் பகிர்ந்து சேர்க்கலாம்; பாஸ்பேட், பொட்டாசியம் அளவைப் பார்த்துக்கொண்டு உணவியல் நிபுணர் அதைப் பிரித்துத் தருவார். சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டு முட்டையை மட்டும் கூட்டினால் பயனில்லை. ஒரு கிலோவுக்கு 25 முதல் 35 கலோரி வரை கிடைக்காவிட்டால், சாப்பிட்ட புரதத்தையே உடல் எரிபொருளாகச் செலவழித்துவிடும். புரதப் பவுடர் டப்பாக்களை அதன் பிறகு யோசிக்கலாம். உடற்பயிற்சிக் கூடத்தில் விற்கும் பவுடர் உங்களுக்கானது அல்ல.

டயாலிசிஸ் நாளில் ஒரு டப்பாவில் சாப்பாடு எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தம் நிலையாக இருப்பவர்களைச் சில மையங்களில் நடுவில் சிறிது சாப்பிட விடுகிறார்கள். அழுத்தம் இறங்கும் வழக்கம் உள்ளவர்கள் முடிந்த பிறகு உடனே சாப்பிடலாம்.

உப்பைப் பற்றி அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபிஸ்டுலாவை உணவு நேரடியாகக் கெடுக்கும் வழி இதுதான். உப்பு கூடினால் தாகம் கூடும், தண்ணீர் ஏறும். அடுத்த டயாலிசிஸில் மூன்று நான்கு லிட்டரை அவசரமாக இழுக்க வேண்டியிருக்கும். அப்போது இரத்த அழுத்தம் சட்டென விழும். ஃபிஸ்டுலாவில் ஓட்டம் மந்தமாகி இரத்தம் உறைந்துவிடலாம். நாளுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும், அதாவது ஒரு சிறிய தேக்கரண்டி, சமையலில் போடுவதையும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் இவற்றை ஒதுக்கினாலே பாதி வேலை முடிந்தது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை நான்கு, நாலரை சதவீதத்துக்கு மேல் ஏறாமல் பாருங்கள்: 55 கிலோ உள்ளவருக்கு இரண்டு, இரண்டரை கிலோ. "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பது வேண்டாம். அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். உங்களுக்கு அது சாதாரண உப்பைவிட ஆபத்து.

பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும். இளநீர், வாழைத்தண்டுச் சாறு, கீரைச் சூப் இவற்றை நிறுத்துங்கள். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். பாஸ்பேட் நாளடைவில் இரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியக் காரணமாகிறது. படிந்த குழாயில் தைப்பதும் கடினம், அது விரிவதும் கடினம். கோலா பானங்கள், பாக்கெட்டில் பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் சேர்க்கும் பாஸ்பேட், பருப்பில் உள்ளதைவிட அதிகமாக உடலில் சேர்கிறது. பாஸ்பேட்டைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் உணவில் வரும் பாஸ்பேட்டைப் பிடித்து நிறுத்த முடியாது.

குறுக்குவழிகளைச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள். மீன் எண்ணெய் மாத்திரை ஃபிஸ்டுலாவைக் காக்கும் என்ற நம்பிக்கையை மருத்துவர்களே ஒரு காலத்தில் பெரிதாக எண்ணினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், அது புதிய ஃபிஸ்டுலா செயலிழப்பதைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. வைட்டமின் சி கொலாஜனுக்குத் தேவைதான், டயாலிசிஸில் கொஞ்சம் இழப்பதும் உண்மைதான். ஆனால் கடையில் வாங்கி 500, 1000 மில்லிகிராம் என்று விழுங்கினால் ஆக்ஸலேட் உப்பாக மாறி உடலில் படியும். நட்சத்திரப் பழத்தை (ஸ்டார் ஃப்ரூட்) ஒரு துண்டுகூடத் தொடாதீர்கள்: அதிலுள்ள நச்சைப் பழுதுபட்ட சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும். ஃபிஸ்டுலா வைத்த கையில் பச்சிலைப் பற்றுப் போடுவதும் எண்ணெய் தேய்த்து உருவுவதும் தொற்றுக்கு வழி. வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

அறுவை சிகிச்சை நாளில் பட்டினி எவ்வளவு நேரம் என்பதை மயக்க மருத்துவரிடமே கேளுங்கள். பொதுவாகத் திட உணவுக்கு ஆறு மணி நேரமும் தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரமும் போதும். சர்க்கரை நோயால் வயிறு மெதுவாகச் செரிப்பவர்களுக்கு இது மாறும். முந்தின இரவிலிருந்தே எதுவும் தொடாமல் வருவதில் பயனில்லை. இன்சுலின் போடுபவர்களுக்கு அது ஆபத்தும்கூட, ஏனெனில் பழுதுபட்ட சிறுநீரகம் இன்சுலினை மெதுவாகவே வெளியேற்றுகிறது, சர்க்கரை விழுந்துவிடும். சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ இருக்க விரும்பினால் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்தையும் டயாலிசிஸ் நேரத்தையும் பார்த்து முடிவுசெய்யலாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கோடை வெயிலில் நீர் வற்றுதல் இவை வந்தாலும் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. தினமும் காலையில் விரல் நுனியை ஃபிஸ்டுலாவின் மேல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றே வாருங்கள். சில மணி நேரங்களில் வந்தால் பெரும்பாலும் மீட்கும் வாய்ப்புண்டு. மற்றபடி பதற வேண்டியதில்லை. அடுத்த முறை வரும்போது மூன்று நாள் சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதிவாருங்கள்: ஒரு டயாலிசிஸ் நாள், ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. டம்ளர், கரண்டி, கிண்ணம் என்று வீட்டு அளவிலேயே எழுதினால் போதும். ஆல்புமின் ரிப்போர்ட்டோடு அதையும் வைத்துத்தான் உங்கள் உணவை மாற்றித் தர முடியும்.