எண் மாறினாலும் பெயர் நிலைக்கும்

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. நாமோ பெயர்களையே நினைவில் வைக்கிறோம். பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருவதே டி.என்.எஸ். முறை. 1983இல் இதனை வகுத்தவர் போல் மொக்கபெட்ரிஸ்.

நமது சங்கத்தில் நான்கு கணினிகள் உள்ளன, ஒன்றில் விதைக்கடன் பதிவேடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் கேட்க வெளியிடத்தையே நம்பியிருந்தால், இணைப்பு அறுந்த அன்று பக்கத்து அறைப் பதிவேட்டையும் பெயரால் திறக்க முடியாது. ஆகவே பெயர்ப் பட்டியலை நம்மிடமே வைத்திருப்போம்.

1. லினக்ஸ் கணினி ஒன்றுக்கு 192.168.1.2 போன்ற மாறாத எண்ணைக் கொடுப்போம்.
2. 'டி.என்.எஸ்.மாஸ்க்' என்னும் இலவச மென்பொருளை அதில் நிறுவுவோம்.
3. 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில், வரிக்கு ஒன்றாக, முதலில் எண்ணையும் அடுத்துப் பெயரையும் எழுதி, மென்பொருளை மீண்டும் தொடக்குவோம்.
4. மற்றக் கணினிகள் இந்த எண்ணிடமே பெயர் கேட்கும்படி ரவுட்டரில் குறிப்போம்.

வெளிப் பெயர்களை இது வெளியே கேட்டுச் சொல்லும். கிடைத்த விடையைச் சிறிது காலம் நினைவிலும் வைத்திருக்கும். ஆனால் இணைப்பு இல்லாதபோது வெளித்தளங்கள் திறவா. 53ஆம் வாயிலை வெளியாருக்குத் திறந்துவிடலாகாது.

பதிவேட்டுக் கணினியின் எண் நாளை மாறலாம். பட்டியலில் ஒரு வரியைத் திருத்தி, மென்பொருளை மீண்டும் தொடக்கினால் போதும். பழைய பெயராலேயே எல்லோரும் அதனைக் கண்டுகொள்வர்.