தொலைநோக்கி ஆடி: எவ்வளவு வழவழப்பு போதும்?

வீட்டில் தேய்த்துச் செய்யும் ஆடியை எங்கே நிறுத்துவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கண்ணுக்கு நன்றாக உறைக்கும் பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். ராலே அளவுகோல்படி, ஆடியிலிருந்து திரும்பும் ஒளியலையின் பிழை அந்த அலைநீளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. பிரதிபலிக்கும்போது மேற்பரப்பின் மேடுபள்ளம் இரட்டிப்பாகிவிடும். ஆகவே ஆடிக்கு அனுமதி எட்டில் ஒரு பங்குதான், ஏறக்குறைய 69 நானோமீட்டர். காற்றின் கொந்தளிப்பே படத்தைக் கலைக்கும்போது இத்தனை நுட்பம் எதற்கு என்று கேட்கலாம். காற்று அவ்வப்போது சில நொடிகள் அடங்கும். ஆடியின் பிழை அடங்காது. அதற்காக இருபதில் ஒரு பங்கைத் துரத்தி மாதக்கணக்கில் மெருகேற்றுவதும் வீண். ஆனால் ஆடியின் மேற்பரப்பைச் சோதிக்கும் ஃபூக்கோ சோதனையின் நிழலில் சொரசொரப்பு தெரிந்தால், அளவு சரியென்று விட்டுவிடாதீர்கள்: அது ஒளியைச் சிதறடித்து வியாழனின் பட்டைகளை மங்கச் செய்யும். விளிம்பு மட்டும் லேசாகச் சரிந்திருந்தால் கறுப்பு வளையத்தால் மறைத்துவிடலாம்.